இருபதுக்கு இருபத்துநாலு

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பார்கள். ஆயிரத்தோராவது பொய்யைச் சொல்ல எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த ஸ்டூடியோவில் ஆறு வருஷம் டச்சப் வேலை பார்த்தேன். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கருப்பாக இருப்பவர்களை மாநிறமாகவும் மாநிறமாக இருப்பவர்களைச் சிவப்பாகவும் ஆக்கி, பிரிண்ட் போட லேபுக்கு அனுப்ப வேண்டும். சிவப்பாகவே பிறந்தவர்கள் வந்தால் எனக்கு அன்றைக்கு அரை நாள் லீவு மாதிரி.

அப்போதுதான் ஃபிலிம் ரோல் போய் டிஜிட்டல் கேமரா வந்திருந்தது. கல்யாணம் நடந்த வீடு என்றால் ஹாலில் டிவிக்கு மேலே ஜோடிப் படம் தொங்கியே ஆக வேண்டும். அதற்கென்று ஓர் அளவு உண்டு. இருபது அங்குலத்துக்கு இருபத்துநாலு அங்குலம், தங்கக் கலர் ஃபிரேம். ஆல்பத்தில் தெரியாத குறை எல்லாம் அந்த அளவில் பல்லை இளிக்கும். அதனால் பெரிய பிரிண்ட் என்றால் சார் என்னிடம்தான் தருவார். ஸ்டூடியோ முதலாளியை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். நான் அந்த வேலையில் கெட்டிக்காரி. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை, என் மேல் ஒரு குற்றப்பத்திரிகை எழுதினால் முதல் வரியாக அதைத்தான் எழுத வேண்டும்.

அந்த ஜோடி ஆனி மாதக் கடைசியில் வந்தது. கல்யாணம் சித்திரையிலேயே முடிந்திருந்தது. மண்டபத்தில் வேறு யாரோ எடுத்த படங்களில் மாப்பிள்ளை பாதிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாராம். ஆகவே முகூர்த்தப் புடவை, பட்டு வேட்டி, நகை, புதிதாக வாங்கிய ரோஜா மாலை என்று மறுபடியும் ஜோடித்துக்கொண்டு, மாமியார் தலைமையில் அஸ்தினாபுரத்திலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். இரண்டு பிரிண்ட் வேண்டும் என்றார் மாமியார். ஒன்று அவர்கள் வீட்டு ஹாலுக்கு. இன்னொன்று பெண்ணைப் பெற்ற வீட்டுக்கு. ஆடிக்குப் பெண்ணை அழைத்துப் போக அவள் அப்பா கடற்கரைக் குப்பத்திலிருந்து வருவார், அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

சார் எல்லா ஜோடிகளையும் ஒரே மாதிரிதான் எடுப்பார். பெண் ஸ்டூலில் உட்கார்ந்து தலையை இரண்டு விரல் அளவு சாய்க்க வேண்டும். மாப்பிள்ளை பின்னால் நின்று அவள் தோளில் கை வைக்க வேண்டும். அதே விளக்கு, அதே திரை. பத்து நிமிஷத்தில் பத்துப் படம் எடுத்தார். மாப்பிள்ளை போனில் பேசிக்கொண்டே கீழே போய்விட்டார். மாமியாரும் பெண்ணும் என் அறைக்கு வந்து என் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். உட்கார வேண்டாம் என்று சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. தையல்காரரிடம் நின்று அளவு சொல்கிற மாதிரி எனக்கும் சொல்வார்கள்.

"கலர் நல்லா தூக்கிக் குடும்மா" என்றார் மாமியார். பிறகு திரையில் மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, எழவு வூட்ல குந்தின மாதிரி கீறா? பத்துப் படத்துல ஒண்ணுல கூட சிரிக்கலியே. பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? கொஞ்சம் சிரிச்சாப்ல பண்ணிக் குடு."

பண்ணிவிடலாம் என்றேன். எங்களிடம் அதற்கு வழி இருந்தது. கம்ப்யூட்டரில் கண், வாய், நகை என்று மூன்று ஃபோல்டர் வைத்திருந்தோம். பழைய வேலைகளிலிருந்து வெட்டி எடுத்துச் சேர்த்தவை. எல்லோரும் ஒரே ஸ்டூலில் ஒரே அளவு தலையைச் சாய்ப்பதால் ஒருத்தியின் வாய் இன்னொருத்திக்குப் பொருந்தும். அதில் சிட்லபாக்கத்துப் பெண் ஒருத்தியின் வாய் ரொம்ப ராசியானது. பல் தெரியாமல், உதட்டோரம் மட்டும் லேசாக மேலே போகிற சிரிப்பு. யாருக்கு வைத்தாலும் லட்சணமாக இருக்கும். அந்த வாய் எத்தனை ஹாலில் தொங்குகிறதோ என்று நாங்கள் கேலி பேசுவோம். அதை எடுத்து இவளுக்கு வைத்து, ஓரங்களைக் கலந்துவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை. "இப்பத்தான் மருமவ மாதிரி கீறா" என்று மாமியார் சந்தோஷப்பட்டார். அந்தப் பெண்ணும் திரையைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

மாமியார் மகனைத் தேடிக் கீழே போனார். நான் கைகளுக்கு வந்தேன். இருமடங்கு பெரிதாக்கிப் பார்த்தால்தான் தோலில் வேலை செய்ய முடியும். இடது கையில், ஜாக்கெட் முடிகிற இடத்துக்குக் கீழே, கருநீலம் மங்கிப் பழுப்பாகிக்கொண்டிருந்த நாலு தடம். வரிசையாக. பவுடர் போட்டிருந்தாள், விளக்கு வெளிச்சத்தில் அது இன்னும் திட்டாகத் தெரிந்தது.

அவள் என் பக்கமாகக் குனிந்தாள். "அக்கா, இந்தத் தடத்த எடுத்துடுங்க. எங்கப்பா வூட்டுக்கும் ஒண்ணு போவுது."

"என்னம்மா ஆச்சு?"

"கதவு இடிச்சிடுச்சிக்கா."

கதவுக்கு நாலு விரல் உண்டா என்று நான் கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. வெளியே இன்னும் ஏழு வேலை காத்திருந்தது. தவிர, நான் யார் கேட்பதற்கு என்று ஒரு நினைப்பு. நானும் கல்யாணமானவள்தான், என் வீட்டு விஷயத்தில் எவளாவது மூக்கை நுழைத்தால் எனக்குப் பிடிக்காது. இப்படியெல்லாம் அப்போது நினைத்தேனா, பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானமா என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த நல்ல தோலை எடுத்துக் காயத்தின் மேல் ஒட்ட ஆரம்பித்தேன். பிசிறில்லாமல் செய்ய வேண்டும் என்பதற்காக நாலு தடத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். பத்து நிமிஷம் ஆனது. முடித்தபோது அந்தக் கை குழந்தையின் கை போல இருந்தது. "தேங்ஸ்க்கா" என்றாள். எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு வழக்கம். கம்ப்யூட்டரில் இடம் குறைவு என்பதால் திருத்திய படத்தைத் தனியாக வைக்க மாட்டோம். பழைய படத்தின் மேலேயே சேவ் செய்துவிடுவோம். கேமரா கார்டை அன்றைக்கே அழித்து அடுத்த ஜோடிக்கு எடுத்துக்கொள்வார் சார். சரியில்லாத மற்ற ஒன்பது படங்களும் அன்றைக்கே போய்விடும். எதற்கு வேண்டும், யார் கேட்கப் போகிறார்கள்? அப்படித்தான் அதையும் சேவ் செய்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மத்தியானம் ஒருவர் வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கடல் காற்றில் கறுத்த உடம்பு, கட்டம் போட்ட லுங்கி, நனைந்த சட்டை. பெட்ஷீட்டில் சுற்றிய பெரிய ஃபிரேம் ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தார். காலில் சேறு இருக்கிறது என்று உள்ளே வரவில்லை. பரவாயில்லை வாங்க ஐயா என்று நான்தான் கதவைத் திறந்தேன்.

"இதுல எம் பொண்ண மட்டும் தனியா எடுத்துக் குடுக்கணும்மா. பதினாறாம் நாள் காரியத்துக்கு" என்றார்.

பெட்ஷீட்டை விலக்கினார். அவள் முகத்தை அடையாளம் காண்பதற்கு முன்னால் என் வேலையை அடையாளம் கண்டேன். அப்புறம்தான் அவர் சொன்னது மண்டையில் ஏறியது. பதினாறாம் நாள்.

கல்யாண ஆல்பம் அஸ்தினாபுரத்து வீட்டிலேயே இருந்தது, கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள். அவரிடம் பெரிய படம் என்று இருந்தது இது ஒன்றுதான். பில் நம்பரை வைத்துக் கம்ப்யூட்டரில் தேடினேன். திருத்தின படம் இருந்தது. திறந்தேன். மாப்பிள்ளையை வெட்டி எடுப்பது கஷ்டமில்லை. ஆனால் அவன் கை அவள் தோளில் இருந்தது. பட்டுப் புடவையின் மேல் நாலு விரல். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புடவையை வரைய வேண்டும். பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் வெரல் ஒண்ணு கூட இருக்கக் கூடாதும்மா" என்றார்.

வேலை நடக்கும்போது அவராகவே சொன்னார். மாடியில் துணி எடுக்கப் போனவள் மழையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அவர்கள் சொல்கிறார்கள். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் செத்தால் ஆர்.டி.ஓ. விசாரிக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால் விசாரணை நடக்கிறது. இவர் தன் மகள் அடி வாங்கியிருக்கிறாள் என்று மனு கொடுத்திருந்தார். பக்கத்து வீட்டார் இரண்டு தடவை சத்தம் கேட்டதாகச் சொன்னதை வைத்துத்தான். ஆனால் கையெழுத்துப் போட்டுச் சொல்ல அவர்களில் ஒருவரும் வரவில்லை.

"அவங்க இன்னா பண்ணாங்க தெரியுமா? வூட்ல மாட்டியிருந்த இதே போட்டோவக் கழட்டி எடுத்தும் போயி ஆபீசர் முன்னால வெச்சாங்க. பாருங்க சார், கல்யாணமாயி மூணாம் மாசம் எடுத்தது, எவ்ளோ சந்தோசமா கீறா, ஒடம்புல ஒரு கீறல் கீதா பாருங்கன்னாங்க. நான் இன்னா சொல்றது? எனக்கே அப்டித்தானே தெரியுது? ஒருவேள நாந்தான் தப்பா நெனக்கிறனோன்னு கூட கீதும்மா."

என் கை மௌஸில் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான், சோற்றைப் போட்டுக் கொடுத்ததும் நான். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷி இல்லை என்று தோன்றியது.

"கையில காயம் இருந்துதுங்கய்யா" என்றேன். "இடது கையில. நாலு விரல் பதிஞ்ச மாதிரி. நான்தான் எடுத்தேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "எப்போ?" என்று கேட்டார்.

"படம் எடுத்த அன்னிக்கே இருந்துது. ஆனி கடைசியில."

"அப்பால ஆடிக்கு நான் இட்டும் போனனே. ஒரு மாசம் எங்கூட இருந்தாளே. ஒரு வார்த்த சொல்லலியே. ஆடி முடிஞ்சதும் நாந்தானேம்மா கொண்டாந்து வுட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, ஏன் எடுத்தீங்க என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். நீங்கள் பார்ப்பீர்கள் என்று உங்கள் பெண்தான் எடுக்கச் சொன்னாள் என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். வேறு என்ன செய்வது?

அந்தக் காயத்தை நான் அப்படியே விட்டிருந்தால் ஆடி மாதம் முழுக்க அது அவர் வீட்டுச் சுவரில் இருந்திருக்கும். அவளும் அதே வீட்டில் இருந்திருப்பாள். என்றைக்காவது ஒரு நாள் அவர் அண்ணாந்து பார்த்திருப்பார், இது என்னடி என்று கேட்டிருப்பார். திருப்பி அனுப்பியிருக்க மாட்டார். நான் இதைப் பல வருஷமாகப் பல விதத்தில் நினைத்துப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கமாகப் போனாலும் இங்கேதான் வந்து நிற்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் வரை பழைய படத்தைத் தேடினேன். கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் விடவில்லை. குப்பைத்தொட்டி, சிடிகள், லேபுக்கு அனுப்பிய மெயில். லேபில் இருந்தவர்களைக் கேட்டேன், அவர்களிடமும் திருத்தின படம்தான் இருந்தது. கேமரா கார்டில் இதற்குள் ஐம்பது ஜோடி உட்கார்ந்து எழுந்திருந்தது. அழிந்ததை மீட்டுத் தருகிறேன் என்று தாம்பரத்தில் ஒருவர் கடை வைத்திருந்தார், அவரிடம் கொண்டுபோனேன். மேலேயே சேவ் பண்ணியிருந்தா ஒண்ணும் வராது மேடம் என்று பார்க்கும் முன்பே சொல்லிவிட்டார். பார்த்த பிறகும் அதையே சொன்னார்.

சாருக்கு விஷயம் தெரிந்ததும் முகம் மாறியது. "நமக்கு எதுக்கும்மா ஊர் வம்பு? அந்தப் பொண்ணு கேட்டுது, நீ செஞ்ச. கஸ்டமர் கேட்டத செய்யறதுதானே நம்ம வேலை? நாளைக்கு போலீஸ் வந்து கம்ப்யூட்டரையே தூக்கினு போயிட்டா?" என்றார். கெட்டவர் இல்லை. பயந்தவர். எனக்குப் பயந்தவர்கள் மேல் வருகிற எரிச்சல் கெட்டவர்கள் மேல்கூட வருவதில்லை. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். வேலை போனால் போகட்டும் சார் என்று சொல்லிவிட்டு மறுநாள் அந்தப் பெரியவரோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனேன். பஸ்ஸில் அவர் எனக்கு ஜன்னலோர சீட்டைக் கொடுத்தார்.

அங்கே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். சுவரில் சாய்த்து வைத்திருந்தது அஸ்தினாபுரத்து ஹாலில் தொங்கிய அந்தப் படம். அதிகாரி பொறுமையானவர். ஒரு கிளார்க் எழுதிக்கொள்ள, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"காயத்த நீங்க அந்தப் பெண் கையில நேராப் பாத்தீங்களா, படத்துல பாத்தீங்களா?"

"படத்துல, சார். பக்கத்துலதான் உக்காந்திருந்தா. கைய முந்தானையால மூடியிருந்தா."

"அந்தப் படம் இருக்கா?"

"இல்ல சார்."

"ஒரு நாளைக்கு எத்தன பேர் கையில, முகத்துல இந்த மாதிரி எடுப்பீங்க?"

"பத்து, பதினஞ்சு."

"மூணு மாசத்துக்கு முன்னாடி எடுத்தது இது ஒண்ணு மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு?"

ஞாபகம் இருக்கிறது சார் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? நீங்கள் சொன்னதைப் பதிவு செய்துகொள்கிறேன், ஆனால் படம் இருந்திருந்தால் இதற்கு வலு இருந்திருக்கும் என்றார். அவர் மேல் தப்பு இல்லை. நான் அவர் நாற்காலியில் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். கிளார்க் நீட்டின தாளில் கையெழுத்துப் போட்டேன். அந்த வாய் பற்றி யாரும் கேட்கவில்லை. சொல்லலாமா என்று சுவரில் சாய்ந்திருந்த படத்தைப் பார்த்தேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். பல மாதம் கழித்து, விபத்து என்றே அது முடிந்ததாகக் கேள்விப்பட்டேன்.

பதினாறாம் நாளுக்கு முந்தின நாள் காலையில் அவர் படத்தை வாங்கிப்போக வந்தார். ஃபிரேம் தயாராக இருந்தது. அவள் மட்டும் தனியாக, அதே அளவில். தோளில் விரல் எதுவும் இல்லை. அவர் அதைத் தொடவில்லை. என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"யம்மா, எடுத்தது நீதானே. எங்க இருந்துது, எப்டி இருந்துதுன்னு உனக்குத் தெரியும். அத்த திருப்பி வெச்சிக் குடு. நான் ஆபீசர் கையில குடுக்கறேன்."

"அது பொய் ஆயிடுங்கய்யா. நாம வரைஞ்சதுன்னு ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாங்க. அப்புறம் நான் எழுதிக் குடுத்ததும் பொய்யாப் போயிடும்."

"எடுத்தியே, அது பொய் இல்லியா? வெச்சா மட்டும் பொய்யா?"

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போடுகிற சத்தம் கேட்டது.

"சரி, ஆபீசருக்கு வாணாம்" என்றார். "எனக்கு மட்டும் காட்டு. பெத்தவன் நானு. நான் பாக்கணும்."

நான் படத்தைத் திறந்தேன். இடது கையைப் பெரிதாக்கினேன். எடுக்கத் தெரிந்த கைக்கு வைக்கவும் தெரிந்திருந்தது. பழுப்பு, அதற்குள் கொஞ்சம் நீலம், ஓரத்தில் மஞ்சள். முதல் தடம் ஜாக்கெட்டிலிருந்து ஒரு விரல்கடை கீழே. அதற்கடுத்தது கொஞ்சம் நீளம். மூன்றாவதில் நடுவே ஒரு கோடு, மோதிரம் அழுத்தினது போல. நாலாவது சின்னது. ஒவ்வொன்றும் எனக்கு அப்படியே ஞாபகம் இருந்தது, ஏனென்றால் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத்தானே அழித்தேன். முடித்துவிட்டு, முழுப் படமும் தெரிகிற மாதிரி சின்னதாக்கினேன். அன்றைக்கு நான் பார்த்த கை திரும்பி வந்திருந்தது.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து திரைக்குக் கிட்டே வந்தார். கயிறு இழுத்துக் காய்த்துப் போன தன் கையை நீட்டி, நாலு விரலையும் அந்த நாலு தடத்துக்கு நேராகக் காட்டிப் பார்த்தார். திரையில் படவில்லை, ஒரு அங்குலம் தள்ளியே வைத்திருந்தார். பிறகு அதைச் சட்டென்று பின்னால் இழுத்து லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

அவர் பார்வை மெதுவாக முகத்துக்குப் போனது.

"இவ்ளோ நோவ வெச்சினு சிரிச்சினு கீறா பாத்தியா?" என்றார். "அப்பன் பாத்தா கலங்கிப் பூடுவான்னு. சின்ன வயசுலேர்ந்தே அப்டித்தாம்மா. கால்ல ஆணி ஏறினா கூட சிரிப்பா." துண்டால் கண்ணைத் துடைத்தார். "எனக்கு இனிமே அது ஒண்ணுதாம்மா கீது. அந்தச் சிரிப்பு."

அவர் வந்தால் அதையும் சொல்லிவிடுவது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். சொல்ல வாயையும் திறந்தேன். சொன்னால் அவர் அடுத்து என்ன கேட்பார் என்று அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் என் பெண்ணின் வாயைத் திருப்பி வை என்பார். காயத்தைப் பத்து நிமிஷம் பார்த்திருந்தேன். அவள் வாயை நான் பார்க்கவே இல்லை. வெட்டி எறிவதற்கு எவ்வளவு பார்க்க வேண்டுமோ அவ்வளவுதான் பார்த்தேன். மெல்லிய உதடா, கீழுதடு தடித்ததா, ஓரம் எப்படி இறங்கியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். நான் ஒட்டின வாய்தான் வந்தது.

"ஆமாங்கய்யா, தைரியமான பொண்ணு" என்றேன்.

படத்தை மூடினேன். சேவ் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். அவர் ஃபிரேமைப் பெட்ஷீட்டில் சுற்றி, மழை படாமல் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பையையும் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். மறுநாள் அந்தக் குப்பத்து வீட்டில் அதற்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றிக் கும்பிட்டிருப்பார்கள். சிட்லபாக்கத்தில் எங்கேயோ உயிரோடு இருக்கிற ஒருத்தியின் சிரிப்பைப் பார்த்து இவளைப் பெற்ற அம்மாவும் அப்பாவும் அழுதிருப்பார்கள்.